காத்தாடி விளக்கை நம்பி நடந்தவன்

2024 டிசம்பர் 28 அன்று, ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டம் மோகன்கட் பக்கம் ஒரு வயலில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தபோது, சுமார் 850 அடியில் தண்ணீர் பீறிட்டுக் கிளம்பி ரிக் வண்டியே குழிக்குள் இறங்கிப் போனது. அந்த வீடியோ திருச்செங்கோட்டில் எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. வராமல் இருக்குமா? தெருவுக்குத் தெரு ரிக்கில் முதல் போட்டவர்களும் ஆபரேட்டர்களும் வெல்டர்களும் இருக்கிற ஊர் இது. நான் அந்தப் பக்கம் ரிக்கோடு இருந்தவன் என்று தெரிந்தவர்கள் டீக்கடையில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். "பாலைவனத்துல இத்தன தண்ணியாங்ணா?"

வண்டி மண்ணுக்குள் போவது எப்போதோ ஒருமுறை நடப்பது. ஆள் காணாமல் போவது அப்படியல்ல. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் இப்போது கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பையன்கள் பைக்கை எடுத்துக்கொண்டு ஜெய்சல்மேர் எல்லையோரத்துத் தனோட், லோங்கேவாலா என்று கிளம்புகிறார்கள். வீட்டுக்கு வீடு சௌதி, ஓமன் என்று வேலைக்குப் போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"நாங்க பார்க்காத வெய்யிலா" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். கரூர் பரமத்தியும் ஈரோடும் சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டுவது உண்மைதான். ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. ஆனால் நம் ஊருக்கும் அங்கேயும் உள்ள பெரிய வித்தியாசம் சூடு அல்ல, சாளை, அதாவது தோட்டத்து வீடு. மூலனூர், வெள்ளகோவில் பக்கம் எந்தக் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், வழி தெரியாமல் நின்றாலும், கிளுவை வேலியைப் பிடித்து நடந்தால் வேலியில் ஒரு கடவு, அதாவது நுழைவழி, வரும். கடவைத் தாண்டினால் யாராவது ஒருத்தர் தோட்டத்துச் சாளை இருக்கும். நாய் குரைக்கும், ஒரு அம்மிணி வெளியே வந்து "யாருங்?" என்பார்கள், சொம்பில் தண்ணீர் வரும். கொங்கு நாட்டில் பிறந்தவன் எந்தத் திசையில் நடந்தாலும் அரை மணி நேரத்தில் ஒரு மனிதரைப் பார்த்துவிடுவான். அதனால் வண்டி நின்றுபோனால் "சரி, நடந்து பார்த்துடலாம்" என்று இறங்குவது நமக்குப் பிறவிப் பழக்கம். தார் பாலைவனத்தின் மேற்குப் பக்கத்தில் ஆளைக் கொல்வது அந்தப் பழக்கம்தான்.

எங்கள் ரிக் அப்போது ஜெய்சல்மேர் மாவட்டத்து ராம்கட்டுக்கு அப்பால், தார் ரோட்டை விட்டு வெகு தூரம் உள்ளே நின்றிருந்தது. மே மாதம். பாறையை உடைக்கிற ஹேமருக்கு ஒரு உதிரிப்பாகம் வேண்டும், டீசலும் வேண்டும். எங்கள் மெக்கானிக் தம்பியும், ஒடிசாவிலிருந்து வந்த உதவியாள் பையனும் பிக்கப் வண்டியில் கிளம்பினார்கள். போகும்போது மெக்கானிக் சமையல்காரரிடம், "எட்டு மணிக்குள்ள வந்துருவேனுங்ணா, சோத்த எடுத்து வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு வரிதான் அவன் உயிரைக் காப்பாற்றியது.

சமையல்காரர் எடப்பாடிப் பக்கத்துக்காரர், வாய் ஜாஸ்தி. ஒன்பது மணிக்கு ஒருமுறை வந்து, "வட்டல்ல போட்ட சோறு ஆறிப்போச்சுங், அவனுகளக் காணமுங்" என்றார். ஒன்பதரைக்கு மறுபடி வந்தார். ராம்கட்டில் ஏதாவது வேலையாக நின்றிருப்பார்கள், அங்கேயே படுத்திருப்பார்கள் என்று ஆபரேட்டர் சமாதானம் சொன்னார். சமையல்காரர் கேட்கவில்லை. "எட்டுன்னு சொன்னவன் ஏழரைக்கே வருவானுங். எனக்குத் தெரியும்." அவர் சத்தம் தாங்காமல்தான் உள்ளூர் ஏஜென்ட்டை எழுப்பினோம். ஏஜென்ட் ராஜஸ்தான்காரர், அவருக்கு ரெண்டாவது முறை சொல்லத் தேவைப்படவில்லை. ஒட்டகம் மேய்க்கும் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்துவிட்டார். அந்தப் பெரியவர் ஒரு கோஜி, அதாவது கால்தடம் பார்த்து ஆளையும் மாட்டையும் கண்டுபிடிப்பவர். எல்லைப் பாதுகாப்புப் படையே இவர்களை வேலைக்கு வைத்துக்கொள்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். திரும்பி வரும்போது குறுக்கு வழி என்று கால்வாய் ஓரத் தடத்தில் வந்திருக்கிறார்கள். தடத்தை மணல் மூடிய இடத்தில் வண்டி புதைந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஆக்சில் வரைக்கும் உள்ளே போய்விட்டது. போனில் டவர் இல்லை. இருட்டு விழுந்ததும் தெற்கே வரிசையாகச் சிவப்பு விளக்குகள் மினுக்கியிருக்கின்றன. காத்தாடி விளக்குகள். ஜெய்சல்மேர் பக்கம் காற்றாலைகள் ஏகத்துக்கும் உண்டு. நம் பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கம் காத்தாடி நின்றால் அடியில் ஒரு தோட்டம் இருக்கும், ரோடு இருக்கும், ஒரு வாட்ச்மேன் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தம்பி ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அந்த விளக்கைப் பார்த்து நடந்துவிட்டான். ஒடிசாப் பையன் வண்டியை விட்டு வர மறுத்துவிட்டான்.

நடுராத்திரி தாண்டி நாங்கள் முதலில் பார்த்தது அந்தப் பையன் மூட்டிய நெருப்பைத்தான். பழைய கிரீஸ் துணியில் டீசலை ஊற்றி, வண்டியிலிருந்து தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக்கொண்டிருந்தான். களைப்பைத் தவிர அவனுக்கு ஒன்றும் இல்லை. வண்டியில் கேனில் தண்ணீர் இருந்தது, குடித்தான், காத்திருந்தான். அவ்வளவுதான் அவன் செய்தது.

மெக்கானிக்கைத் தேட விடியும் வரை பெரியவர் யாரையும் நகரவிடவில்லை. நாங்கள் டார்ச்சோடு கிளம்பப் பார்த்தோம், சத்தம் போட்டு உட்கார வைத்தார். காரணம் காலையில்தான் புரிந்தது. வண்டியைச் சுற்றி நாலு பேர் நடந்தால் போதும், தேட வேண்டியவனின் தடம் அழிந்துவிடும். தெளிவான ஒரு தடத்தின் மேல் எங்கள் சோற்று வட்டலையே கவிழ்த்து வைத்து, காற்றில் அழியாமல் பார்த்துக்கொண்டார். பிறகு அவர் முன்னே, நாங்கள் பக்கவாட்டில் தள்ளி. இங்கே நின்றான், இங்கே உட்கார்ந்தான், இங்கே செருப்பைக் கையில் எடுத்தான் என்று அவர் சொல்லச் சொல்ல ஏஜென்ட் எனக்கு இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார். மணல்மேட்டுப் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் விளக்கு மறைந்திருக்கிறது. மேடேறிப் பார்க்கும்போது வேறு பக்கம் தெரிந்திருக்கிறது. தடம் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் வளைந்து, ஒரு இடத்தில் தன் தடத்தையே குறுக்கே வெட்டிக்கொண்டு போனது.

இது அவனுடைய அசட்டுத்தனம் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், ஆட்களை ஒரு காட்டிலும் துனீசியாவின் சஹாரா மணலிலும் நேராக நடக்கச் சொல்லி, ஜிபிஎஸ்ஸில் தடத்தைப் பதிவு செய்தார்கள். சூரியனோ நிலாவோ தெரியும் வரை ஓரளவு நேராகப் போனார்கள். அது மறைந்ததும் வளையத் தொடங்கினார்கள். நடப்பவர்களுக்கோ நேராகப் போகிற நினைப்புதான்.

காலை பத்து மணி சுமாருக்கு ஒரு வன்னி மரத்தடியில் தம்பி கிடந்தான். நம் ஊர்க் கோயில்களில் நிற்கிற அதே வன்னிதான், அங்கே கேஜ்ரி என்கிறார்கள். சட்டையைக் கழற்றி எறிந்திருந்தான். உடம்பு கொதித்தது. என்னைப் பார்த்து, "ராடு எறக்கியாச்சுங்ளா?" என்று, ரிக் வேலையில் நிற்கிறவன் போலக் கேட்டான். அந்தக் குளறல்தான் ஆபத்தின் அடையாளம். வெயிலில் வாடியவருக்குத் தலைவலி, குமட்டல், களைப்பு வரும், நிழலும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்தால் தேறிவிடுவார். பேச்சு குழம்பிவிட்டால் உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம், மூளை பாதிக்கப்படுகிறது என்று பொருள். அப்போது வாயில் தண்ணீரைப் புகட்டுவதை விட உடம்பைக் குளிர வைப்பதுதான் முதல் வேலை. கேன் தண்ணீரை மேலே ஊற்றி, ஈரத் துண்டைப் போட்டு, ஜீப்பின் பின்னால் காற்றுப் படக் கிடத்திக்கொண்டு போனோம். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்துக்கொண்டான். இப்போது ஊரில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். அந்தக் காத்தாடிகள் அவன் நின்ற இடத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது.

இதே கதை அமெரிக்காவின் டெத் வேலியிலும் நடந்திருக்கிறது. 1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த பெரியவர்கள் இருவரும் குழந்தைகள் இருவரும் வாடகை வேனில் போய்க் காணாமல் போனார்கள். அக்டோபரில் வேன் ஒரு வறண்ட பள்ளத்தாக்கில் டயர்கள் காற்றிழந்த நிலையில் கிடைத்தது. ஆட்கள் இல்லை. 2009-ல்தான் பல மைல் தெற்கே பெரியவர்களின் எலும்புகள் கிடைத்தன. தேடிக் கண்டுபிடித்த தன்னார்வலரின் ஊகம் எனக்கு அப்படியே உறைத்தது. வரைபடத்தில் தெற்கே ஒரு ராணுவப் பகுதியின் எல்லை தெரிந்திருக்கிறது. ராணுவம் என்றால் வேலி இருக்கும், காவல் இருக்கும், ஆள் இருப்பார் என்று தங்கள் ஊர் வழக்கத்தை வைத்து நினைத்திருக்கலாம். அங்கே ஆள் அரவமற்ற வெறும் பாலைதான் இருந்தது. ஜெர்மனிக்காரருக்கு ராணுவ எல்லை, நம் தம்பிக்குக் காத்தாடி.

அப்படியானால் வண்டியோடு இருந்தால் போதுமா? போதாது. 2024 ஆகஸ்டில் சௌதியின் ருப் அல் காலி பாலைவனத்தில், தெலங்கானாவின் கரீம்நகரைச் சேர்ந்த ஒரு இளைஞரும் அவருடன் போன சூடான் நாட்டுக்காரரும் இறந்தார்கள். ஜிபிஎஸ் கோளாறில் வழி தவறி, பெட்ரோல் தீர்ந்து, போனும் அணைந்திருக்கிறது. சில நாட்கள் கழித்து வண்டிக்குப் பக்கத்திலேயே உடல்கள் கிடைத்தன. கல்ஃபில் பிள்ளை இருக்கிற கொங்குக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். வண்டியை விட்டுப் போகாமல் இருப்பது பாதிதான். எங்கே, எப்போது தேடுவது என்று வெளியே ஒருவருக்குத் தெரிந்திருப்பது மீதிப் பாதி. எங்கள் ஒடிசாப் பையன் முதல் பாதியைச் செய்தான், எடப்பாடிச் சமையல்காரர் இரண்டாவதைச் செய்தார்.

நேரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கையில் உள்ள நேரம் அவ்வளவு குறைவு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைகளுக்காகப் பாலைவனத்தில் நடந்த ஆய்வுகளின் கணக்குப்படி, பகல் வெப்பம் 49 டிகிரி வரை போகும் இடத்தில், தண்ணீரே இல்லாமல் நிழலில் அசையாமல் கிடந்தால் சுமார் 2 நாள் தாங்கலாம். கையில் 4 லிட்டர் இருந்தால் கூடுவது ஏறக்குறைய அரை நாள்தான். நடந்தால் இதுவும் குறையும். "நாளைக்கும் வரலைன்னா பார்க்கலாம்" என்கிற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

எனவே கிளம்பும் முன் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். "ஜெய்சல்மேர் பக்கம் போறோம்" என்பது சொன்னதாகாது. எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறோம், எத்தனை மணிக்குப் போன் வரும், வராவிட்டால் எத்தனை மணிக்கு அவசர எண் 112-ஐ அழைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த ஆள் சங்கடப்படாமல் சத்தம் போடுகிறவராக இருப்பது நல்லது. "தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேனுங்" என்கிற தங்கமான மனிதர் இதற்கு ஆக மாட்டார். சொன்ன வழியை இடையில் மாற்றினால், டவர் இருக்கும்போதே ஒரு மெசேஜ். மாற்றிய வழியைச் சொல்லாவிட்டால், முதலில் சொன்னது தேடுபவர்களைத் தப்பான பக்கம் கூட்டிக்கொண்டு போகும்.

கூகுள் மேப்பில் தெரிகிற கோடெல்லாம் ரோடு இல்லை. கால்வாய்ப் பராமரிப்புத் தடம், ஒட்டக வண்டித் தடம், மணல் மூடிப்போன பழைய தடம் எல்லாம் அதில் ஒரே மாதிரிதான் தெரியும். தார் ரோட்டை விட்டு இறங்கும் முன் கடைசியாகப் பார்க்கிற டீக்கடையில் கேளுங்கள். மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு யூடியூபர்கள் இடுப்பில் மாட்டியிருக்கிற சாட்டிலைட் கருவியைப் பார்த்து ஆன்லைனில் ஒன்று வாங்கிக்கொண்டு போக வேண்டாம். துராயா, இரிடியம் மாதிரியான சாட்டிலைட் போன்களை அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், அதுவும் எல்லை மாவட்டத்தில் மாட்டினால் விசாரணை நீளும். எல்லையோரம் சில இடங்களுக்கு முன்அனுமதியும் வேண்டும். பொக்ரான் பக்கம் ராணுவத் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் வெடிக்காத குண்டுகள் கிடக்கும். இரும்பு கிடக்கிறதே என்று தொட்டுச் செத்தவர்கள் உண்டு.

மணலில் வண்டி இறங்க ஆரம்பித்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். டயர் காற்றைப் பாதிக்குப் பாதி இறக்கி, டயருக்கு முன்னால் மணலைத் தள்ளி, தரைவிரிப்பையோ சாக்கையோ போட்டு மெதுவாக எடுத்தால் பெரும்பாலும் ஏறிவிடும். காற்றை இறக்குகிறவர் திரும்ப அடிக்கக் கைப்பம்பும் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தார் ரோட்டில் டயர் கிழியும். பைக்கில் போகிறவர்கள் ரெண்டு வண்டியாவது சேர்ந்து போங்கள். மணல்மேட்டின் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். வேகமாக ஏறி உச்சியைத் தாண்டினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

தண்ணீரை ஒரே கேனில் வைக்காதீர்கள், அது ஓட்டையானால் எல்லாம் போச்சு. கோடையில் ஆளுக்கு நாளுக்கு 5, 6 லிட்டர், அது போக வண்டியில் தொடாத ஒரு கேன். மாட்டிக்கொண்டால் மூடியில் அளந்து குடித்து மிச்சம் பிடிக்க வேண்டாம். பாட்டிலில் தண்ணீர் இருக்கும்போதே மயங்கி விழுந்தவர்கள் உண்டு. மிச்சம் பிடிக்க வேண்டியது வேர்வையை. பகலில் அசையாதீர்கள், சட்டையைக் கழற்றாதீர்கள். வண்டிக்குள் உட்கார்ந்தால் வெந்துவிடுவீர்கள், வண்டியின் நிழலில் உட்காருங்கள். மேல் மணல் சுடும், ஒரு முழம் தோண்டிவிட்டு அல்லது சீட்டைக் கழற்றிப் போட்டு அதன் மேல் உட்காருங்கள். ரேடியேட்டர் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. கூலன்ட் விஷம். பேய்க்குமட்டிக்காய் மணலில் குட்டித் தர்பூசணி மாதிரி கொடியோடு கிடக்கும், ஆசைப்பட்டுத் தின்றால் வயிற்றால் போயே உடம்பில் உள்ள கொஞ்சத் தண்ணீரும் போய்விடும்.

ஆந்தி என்கிற மணல்புயல் மே, ஜூனில் வரும். முன்னால் போகிற வண்டியே தெரியாது. ரோட்டை விட்டு நன்றாகத் தள்ளி நிறுத்தி, விளக்கை அணைத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதை ஓடுகிற வண்டி என்று நினைத்து வந்து இடிப்பார்.

ராத்திரி தரையில் படுக்காதீர்கள். பீவ்ணா என்று ஒரு பாம்பு தூங்குகிறவரின் மூச்சைக் குடிக்கும் என்று அங்கே சொல்வார்கள். அது கட்டுவிரியன் வகை. கடித்தால் வலியே தெரியாததால் அப்படி ஒரு கதை. கயிற்றுக் கட்டிலும் கொசுவலையும் போதும். குளிர்காலத்தில் போகிறவர்கள் கம்பளியையும் எடுத்துக்கொள்ளுங்கள், டிசம்பர், ஜனவரி ராத்திரியில் பல்லடிக்கும்.

கல்ஃபில் பிள்ளைகள் இருக்கிற வீட்டாருக்கு ஒரு வேலை. தளத்துக்குத் தளம் வண்டியில் தனியாகப் போகிற வேலையா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், போகிற நேரமும் திரும்புகிற நேரமும் கம்பெனியில் யார் குறித்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். யாரும் இல்லை என்றால் அறையில் கூட இருக்கிறவரை அதற்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அவசர எண் ஓமனில் 9999, துபாயில் 999. ஆனால் பெருந்துறையில் உட்கார்ந்து அதை அழுத்தினால் அங்கே போகாது. அதனால் கூட இருக்கிற ரெண்டு பேர் நம்பரும், மேஸ்திரி நம்பரும், வண்டி நம்பரும் வீட்டில் காலண்டருக்குப் பின்னால் எழுதி இருக்கட்டும்.